நவுருவுக்குத் தலைநகர் இல்லை

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த எவரும் அந்த நீல மட்டைப் பொது அறிவுப் புத்தகத்தை மறந்திருக்க மாட்டீர்கள். புத்தகம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். யாரோ ஒருவர் ஊரிலிருந்து பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்த பழைய வினாவிடைப் புத்தகத்தை இன்னொருவர் கணினியில் பார்த்து அடித்து, மூன்றாமவர் தன் வேலையிடத்து மெசினில் கொப்பி எடுத்து, நடுவில் இரண்டு கம்பி அடித்து எங்கள் கையில் தந்தார்கள். எழுபதாவது பக்கத்துக்குப் பிறகு மை மங்கி, நாடுகள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும்.

அதில் ஜேர்மனியின் தலைநகர் பான். நாணயம் மார்க். நாங்கள் இருந்ததோ ஜேர்மனியில். சட்டைப்பையில் யூரோ வந்து இரண்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. முதல் நாள் வகுப்பிலேயே ரீச்சர் சொன்னார், "பிள்ளையள், முப்பத்திரண்டாம் பக்கம் எடுங்கோ. பானை வெட்டிப்போட்டுப் பேர்லின் எண்டு எழுதுங்கோ. மார்க்கையும் வெட்டுங்கோ." எல்லோரும் பேனையால் வெட்டினோம். உங்கள் புத்தகத்திலும் அந்த வெட்டு இருந்திருக்கும். யாரும் அதை யோசித்துப் பார்க்கவில்லை. நான் யோசித்தேன். அங்கேதான் என் வில்லங்கம் தொடங்கியது.

நான் ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பு என்ற ஒன்றைப் பார்த்த முதல் ஆள் நான்தான். அம்மா ஐந்தோடு நின்றவர். அப்பா மூன்றாம் வகுப்பில் ஒரு மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகாமல் விட்டவர், பிறகு போகவே இல்லை. டுசல்டோர்ஃப்பில் ஒரு உணவகத்தின் சமையலறையில் அவருக்கு வேலை. கைவிரல்களில் எப்போதும் வெங்காயமும் குளோரினும் கலந்த ஒரு வாசம். என் கொப்பிகளை அவர் ஒவ்வொரு ஞாயிறும் வாங்கிப் பார்ப்பார். வாசிப்பதற்கு அல்ல. சிவப்பு மை எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் புரட்டுவார். சிவப்பில் சரி போட்டிருந்தாலும் அவருக்குச் சிவப்பு சிவப்புத்தான். "ஏன் இவ்வளவு சிவப்பு?" என்பார். "அது சரி போட்டது, அப்பா." "சரியெண்டா ஏன் சிவப்பால போடுறா?"

நவுருவுக்கு வருகிறேன்.

மழைநாட்களில் அம்மா துப்புரவு வேலைக்குப் போகும்போது என்னை நகர நூலகத்தில் விட்டுவிட்டுப் போவார். ஈர ஜாக்கெட்டுகளின் மணமும் சாம்பல் கம்பளமுமாக ஒரு மாடி. அங்கே தீவுகளைப் பற்றி ஒரு தடித்த ஜேர்மன் புத்தகம் இருந்தது. அதில்தான் நவுருவைக் கண்டேன். பசிபிக் சமுத்திரத்தின் நடுவில், பூமத்தியரேகைக்குக் கொஞ்சம் தெற்கே, இருபத்தொரு சதுரக் கிலோமீற்றர். உலகத்தின் மிகச் சிறிய குடியரசு. ஆறு கிடையாது. சுற்றிவர ஒரே ஒரு பெரிய தெரு, ஏறக்குறையப் பத்தொன்பது கிலோமீற்றர்; எந்தப் பக்கம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். தீவின் நடுமேட்டில் பொசுபேற்று என்ற உர மண்ணைத் தோண்டி எடுத்து விற்றுவிட்டார்கள். மிச்சம் பற்களைப் போல நிற்கும் வெள்ளைப் பாறைகள். உள்ளே புவாடா என்று ஒரு சின்ன ஏரி, அதைச் சுற்றித் தென்னை.

நான் அந்த நாட்டைக் கொப்பியில் வரைந்தேன். உருளைக்கிழங்கு மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். ஒரு முழு நாட்டையும், ஒன்றையும் விடாமல், ஒரு பின்னேரத்துக்குள் வரைந்து முடிக்கலாம். அதில் எனக்கு இருந்த சந்தோசத்தை இன்றைக்கும் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. பதினான்கு மாவட்டங்களையும் பாடமாக்கினேன். அதே பக்கத்தில் ஒரு வரி இருந்தது: நவுருவுக்கு உத்தியோகபூர்வமான தலைநகர் இல்லை, பாராளுமன்றம் யாரென் மாவட்டத்தில் இருக்கிறது.

நீலப் புத்தகத்திலோ: நவுரு — யாரென்.

போட்டி ஒரு கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தில் நடந்தது. வெளியே பங்குச் சபையின் அறிவிப்புப் பலகை, உள்ளே பற்றிஸ், றோல்ஸ் என்று எண்ணெய்ப் பலகாரங்கள், பெரிய தேத்தண்ணிப் பாத்திரம். எங்கள் மாநிலத்துப் பள்ளிகள் எல்லாம் வந்திருந்தன. முதலாவதாக வருகிறவர் நாடு முழுவதுக்குமான போட்டிக்குப் போவார். அப்பா அன்றைக்கு ஒரு சனிக்கிழமையை விடுப்பு எடுத்து வந்திருந்தார். சமையலறைக்காரனுக்குச் சனிக்கிழமை விடுப்பு என்பது என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முன்வரிசையில், திருமணத்துக்குப் போடும் கோட்டோடு, முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு இருந்தார்.

கேள்வி கேட்டவர் பான் மாஸ்டர். பான் தலைநகராக இருந்த காலத்தில் அங்கே குடியிருந்ததால் அந்தப் பெயர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே பொதி பிரிக்கும் இடத்தில் வேலை, சனிக்கிழமைகளில் மட்டும் திரும்பவும் மாஸ்டர். நல்ல மனுசன்தான், அதை இப்போது சொல்ல முடிகிறது. அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

கடைசிச் சுற்றில் நானும் பானிலிருந்து வந்த ஒரு பிள்ளையும் சமபுள்ளி. என் முறை.

"நவுரு நாட்டின் தலைநகர் எது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பூமியில் எத்தனையோ நாடு இருக்க, என் நாட்டையே கேட்கிறார்!

"தலைநகர் இல்லை," என்றேன்.

"தம்பி, தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ."

"தெரியும் மாஸ்டர். இல்லை."

மண்டபம் சிரித்தது. பின்னால் யாரோ, "தலை இல்லாத நாடோ?" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. மாஸ்டர் மணியை அடித்தார். கேள்வி அந்தப் பிள்ளைக்குப் போனது. "யாரென்." கைதட்டல். முடிந்தது.

நான் மேடையை விட்டு இறங்கவில்லை. "மாஸ்டர், புத்தகம் பிழை," என்றேன். பதினொரு வயதில் அது எவ்வளவு பெரிய வசனம் என்று நினைத்துப் பாருங்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அச்சடிச்ச புத்தகம் பிழை, நீர் சரியோ?"

"ஜேர்மனிக்குப் பான் எண்டும் அச்சடிச்சுத்தானே கிடந்தது. அதை வெட்டினனாங்கள். இதையும் வெட்டுங்கோ."

இதை நான் இன்றைக்கும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இதில் எங்கே ஓட்டை? ஒரு ஓட்டையும் இல்லை! ஆனால் மாஸ்டருக்குப் பானைப் பற்றிச் சொன்னது நெஞ்சில் பட்டுவிட்டது. "தலைநகரத்தில இருக்கிற ஆள் நான்" என்று ஊருக்கெல்லாம் கடிதம் எழுதியவர் அவர்.

"தம்பி, அது ஜேர்மன்காரன் தானே மாத்தினது. நவுருக்காரன் தனக்குத் தலைநகர் இல்லையெண்டு சொன்னவனோ? அவன்ர கையால கடிதம் கொண்டு வாரும், முத்திரையோட. இந்த வருசம் முடியிறதுக்குள்ள கொண்டுவந்தா உமக்குப் புள்ளி தாறன். இப்ப இறங்கும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அந்தப் புள்ளி எனக்கு வேண்டும்தான். ஆனால் அந்த நேரத்தில் அதைவிட வேண்டியிருந்தது ஒன்று: அப்பா எழும்பி, "என்ர பிள்ளை சும்மா சொல்லமாட்டான்" என்று ஒரு வார்த்தை சொல்வது. அப்பா எழும்பினார். கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாஸ்டர். பிழை அவனிலதான். கனக்கக் கதைக்கிறான்."

பிறகு மேடைக்கு வந்து என் தோளைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார்.

பற்றிஸ் மேசையடியில் அந்தப் பான் பிள்ளை வந்து நின்றாள். "எனக்கும் தெரியும் அங்க தலைநகர் இல்லையெண்டு. எங்கட ஸ்கூல் லெக்சிக்கோன் புத்தகத்தில இருக்கு," என்றாள்.

"பிறகேன் யாரென் எண்டனீ?"

"புத்தகத்தில இருக்கிறதைத்தானே கேக்கினம்? நீ என்ன விசரோ?"

அவள் முதலாவதாக வந்ததற்கு இன்றைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவளுக்கு நவுருவோடு எங்கள் ஆட்களையும் தெரிந்திருந்தது.

ஒரு கிழமை நான் அப்பாவோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்தமாதிரியும் தெரியவில்லை, அது இன்னும் எரிச்சல். ஒரு பின்னேரம் அம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். நான் மேசையில் இருந்து பள்ளி அட்லசைப் புரட்டிக்கொண்டிருந்தேன், ஆதாரம் தேடி. அந்த அட்லசும் துரோகம் செய்தது. நாடுகளின் பட்டியலில் நவுருவுக்கு நேரே யாரென் என்றே போட்டிருந்தது. அதை அறைந்து மூடினேன்.

"உது பள்ளிக்கூடத்துச் சாமான். பக்குவமாப் பிடி," என்றார் அம்மா.

"அப்பா ஏன் என்னைப் பிழையெண்டு சொன்னவர்? அவருக்கு நவுரு எங்க இருக்கெண்டாவது தெரியுமோ?"

அம்மா கத்தியை வைத்தார். "கொப்பர் முந்தி ஒருக்கா சரி சொல்லப்போய் நாங்கள் பட்டது போதும்."

அப்போதுதான் அந்தக் கதையை முதன்முதலாகக் கேட்டேன். நான் பிறப்பதற்கு முன் அப்பாவின் அகதி விசாரணை. அவர் சொன்னதை எல்லாம் எழுதி, கடைசியில் மொழிபெயர்ப்பாளர் திரும்ப வாசித்துக் காட்டியிருக்கிறார். ஊரில் பெரியப்பாவை ஆமி பிடித்துக்கொண்டு போனது ஏப்ரலில் என்று அதில் இருந்ததாம். அப்பா, "இல்லை, அது பிழை, ஓகஸ்ட், கோயில் திருநாள் முடிஞ்ச கையோட" என்று திருத்தியிருக்கிறார். முதலில் ஏப்ரல் என்றார், பிறகு ஓகஸ்ட் என்கிறார் என்று எழுதிக்கொண்டார்களாம். மாதங்கள் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. அம்மாவுக்கு ஜேர்மனில் தெரிந்த நீளமான சொல் ஒன்றே ஒன்றுதான், அந்தக் கடிதத்தில் இருந்தது; தமிழில் சொன்னால், முன்னுக்குப் பின் முரண். அதை மட்டும் அம்மா ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லுவார்.

"அண்டையில இருந்து அந்த மனுசன் ஒருத்தரையும் மறுத்துச் சொல்லுறதில்லை," என்றார் அம்மா. "பிறந்த நாளை ஜனவரி ஒண்டெண்டு எழுதினாங்கள். அதுக்கும் ஓமெண்டவர். டொக்டர் ஒம்பது வருசமா வேற பேர் சொல்லிக் கூப்பிடுறான். அந்தப் பேருக்கே இவர் எழும்பிப் போறார். இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருக்காத்தான் எங்களுக்கு விசா நீட்டுறாங்கள். நீ என்னெண்டா கோயில் மண்டபத்தில நிண்டு மாஸ்டரோட சட்டம் கதைக்கிறாய்."

எனக்கு அனுதாபம் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. ஓகஸ்ட் என்றால் ஓகஸ்ட்தானே! சரியான மாதத்தைச் சொன்னதற்காக ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டுமா? அந்தக் கோபத்தோடுதான் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு ஒன்றரை வருட ஆங்கிலம். மதிப்புக்குரிய அரசாங்கமே, நான் ஜேர்மனியில் வசிக்கும் ஒரு மாணவன், உங்களுடைய நாடு மிகவும் அழகானது, உங்களுக்குத் தலைநகர் இல்லை என்பதைத் தயவுசெய்து முத்திரையுடன் எழுதித் தரவும். நான் வரைந்த வரைபடத்தின் ஒரு பிரதியையும் வைத்தேன், தங்கள் நாட்டை நான் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறேன் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா.

முகவரியில் வந்து மாட்டுப்பட்டேன். அரசாங்கத்தின் அலுவலகங்கள் யாரென் மாவட்டத்தில். இன்றைக்கு என்றால் பேசாமல் யாரென் மாவட்டம் என்று எழுதியிருப்பேன், கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அன்றைக்கு என் கையால் உறையில் யாரென் என்று எழுதினால், பான் மாஸ்டர் அதையே தூக்கிக் காட்டிச் சிரிப்பார் என்று தோன்றியது. அதனால் இப்படி எழுதினேன்: அரசாங்கம், நவுருக் குடியரசு, தென் பசிபிக். எவ்வளவு மடைத்தனம்! ஆனாலும் பிழையில்லாத மடைத்தனம்.

ஞாயிற்றுக்கிழமை கொப்பி பார்க்கும் நேரத்தில் அப்பா அந்தக் கடிதத்தையும் எடுத்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சிவப்பு இல்லை.

"இது ஆருக்கு?"

"நவுரு அரசாங்கத்துக்கு." ஒரு கிழமைக்குப் பிறகு நான் அவரோடு கதைத்த முதல் வார்த்தை.

நான் ஏச்சை எதிர்பார்த்தேன். அப்பா உறையைக் கையில் வைத்துப் பாரம் பார்த்தார். "அரசாங்கத்துக்கெண்டா வெறும் கடிதமாப் போடக்கூடாது. பதிவுத் தபால். துண்டு கையில இருக்கோணும். நாளைக்கு எனக்கு லீவு, ஸ்கூல் முடிய வா."

அரசாங்கத்துக்கு ஒரு தாள் போனால் அதற்கு ஒரு துண்டு, ஒரு ரசீது, இருக்க வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம், உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும்.

திங்கள் மத்தியானம். தபால் கந்தோரில் பன்னிரண்டு பேர் வரிசை, ஈரக் குடைகள், நனைந்த தரை. எங்களுக்குப் பின்னால் ஒரு கிழவி பொதியோடு பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். யன்னலில் இருந்தவர் மீசைக்காரர். உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"ஊர் எது?" ஜேர்மனில் கேட்டார்.

"ஊர் இல்லை," என்றேன்.

"பதிவுத் தபாலுக்கு ஊர் எழுத வேண்டும். இந்தக் கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது."

"அந்த நாட்டுக்குத் தலைநகர் இல்லை."

அவர் சலித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த தடித்த புத்தகத்தை எடுத்தார். எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். விரலை வைத்தார். "இதோ. நவுரு. தலைநகர் யாரென். அதை எழுதிவிடுகிறேன்." பேனையை எடுத்துவிட்டார்.

இந்த நீலப் புத்தகங்களுக்கு உலகத்தில் முடிவே இல்லையா என்று எனக்கு அழுகை முட்டியது. பின்னால் கிழவி, "கடவுளே" என்றார். நான் அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. யன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அவர் என்ன சொல்லுவார் என்று எனக்கு மனப்பாடம்: யா, யா, கெனவ், டாங்க. ஓம், ஓம், சரிதான், நன்றி.

"நைன்," என்றார் அப்பா. நைன் என்றால் இல்லை.

மீசைக்காரரின் பேனை நின்றது.

அப்பா மேற்சட்டைப் பையில் இருந்த அடையாள அட்டையை, யாரும் கேட்காமலே, எடுத்து யன்னல் பலகையில் வைத்தார். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, உடைந்த ஜேர்மனில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். எழுத வேண்டாம். தலைநகர் இல்லை. புத்தகம் பிழை. என் மகன் படித்தவன்.

"போய்ச் சேராவிட்டால் பொறுப்பு உங்களுடையது," என்றார் மீசைக்காரர்.

"யா. எங்கட பொறுப்பு," என்றார் அப்பா, பாதி ஜேர்மனிலும் பாதி தமிழிலும். மீசைக்காரர் தோளைக் குலுக்கினார். கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, முத்திரை குத்தி, துண்டைக் கிழித்துத் தந்தார்.

அந்தப் புள்ளி கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. கிறிஸ்மஸ் வந்தது, வருடம் முடிந்தது, நவுருவிலிருந்து ஒரு தாளும் வரவில்லை. அடுத்த வருடத்து நீலப் புத்தகத்தில் ஜேர்மனிக்குப் பேர்லின் என்று அடித்திருந்தார்கள். நவுருவுக்கு அதே யாரென். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை இடிக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது திங்கட்கிழமையைத்தான். வீட்டுக்குத் திரும்பும் ட்ராமில் நானும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். யன்னல் எல்லாம் நீராவி. துண்டை மடித்துப் பைக்குள் வைக்க அப்பாவுக்கு இரண்டு தரம் முயற்சிக்க வேண்டியிருந்தது. அப்பா என்னை நம்புகிறார். முழு உலகமும் யாரென் என்று சொல்ல, அப்பா என்னை நம்புகிறார்!

இரண்டு தரிப்பிடம் போனது. அப்பா முன்னாலும் பின்னாலும் பார்த்தார், தமிழ் ஆட்கள் யாரும் இருக்கிறார்களா என்று. பிறகு என் பக்கம் சரிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சரி, கடிதம் போட்டாச்சு. இனி என்னட்டை மறைக்காதை. உண்மையா அந்த நாட்டின்ர தலைநகர் என்ன?"

"அப்பா! இல்லை அப்பா! தலைநகரே இல்லை!"

ட்ராமில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என் முழங்காலைத் தட்டினார்.

"சரி சரி, கத்தாதை. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."